ஆள்காட்டியின் நான்கு முட்டைகள் வேலையில் சேர்ந்த கதை

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று ஆரம்பத்திலேயே பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் பதினாறு வருடமாகக் கூட்டிப் பெருக்குகிறேன். இது அந்த அலுவலகத்துக் கதை என்று யாராவது நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன்? இது காட்டில் நடந்தது. இதில் வருகிற எல்லோருக்கும் வால் உண்டு. தவளைக்கு மட்டும் இல்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கதைக்கு அடியில் பெயரும் முகவரியும் கட்டாயம் எழுத வேண்டும் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு காட்டில் ஒரு பேரூராட்சி இருந்தது. காட்டெருமை அதற்குத் தலைவர். கீரி செயல் அலுவலர். ஆமை எழுத்தர். குரங்கு அலுவலக உதவியாளர். அலுவலகம் ஒரு பெரிய பாறையின் மேல் இருந்தது. பாறைக்குக் கீழே ஒரு குட்டை. மூன்று வருடமாகச் சரியான மழை இல்லாததால் குட்டையின் தரை அம்மிக்கல் மாதிரி இறுகிக் கிடந்தது.

"எவ்வளவு சமமான இடம், பாத்தியா? இங்க ஒரு வாரச்சந்தை கட்டினா காடே நம்ம பேரைச் சொல்லும்" என்றார் தலைவர்.

அந்தச் சமமான இடத்தின் நடுவில், கூழாங்கற்களோடு கூழாங்கற்களாக, ஓர் ஆள்காட்டிப் பறவை நான்கு முட்டைகள் இட்டிருந்தது. ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. தரையில் முட்டையிட்டு, அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்ளும். வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால் அதன் அலகுக்கு முட்டை தூக்க வராது. வெயில் ஏறினால் பாறை இடுக்கில் இருக்கும் ஊற்றுக்கு ஓடிப்போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர வைக்கும். ஒவ்வொரு முட்டையின் மேலும் காதை வைத்துக் கேட்கும். உள்ளே ஏதோ தட்டும். நான்கும் தட்டிய பிறகுதான் அதற்கு மூச்சு வரும். அதன் வீட்டுக்காரர் வேறு குளம் பார்த்து வருகிறேன் என்று போனார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆள்காட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. தப்பாக எது கண்ணில் பட்டாலும் அதன் தொண்டை தானாகவே கத்திவிடும். அடக்கத் தெரியாது.

சந்தைத் திட்டம் மலை மேல் இருக்கும் பெரிய அலுவலகத்துக்குப் போனது. அங்கே யானைதான் அதிகாரி. யானையிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. திட்டத்துக்கு ஓர் அபாயப் பதிவேடு வைக்க வேண்டும். ஒவ்வோர் அபாயத்துக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. மேலும், திட்டத்துக்கான நான்கு பணியிடங்களையும் யானை ஆய்வுக்கு வருவதற்குள் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் சந்தை அடுத்த காட்டுக்குப் போய்விடும்.

கீரி உடனே குட்டைக்குள் கூட்டம் போட்டது.

"இந்த இடத்துல ஏதாவது அபாயம் தெரிஞ்சா தைரியமா சொல்லுங்க. ஒளிவுமறைவே வேண்டாம். எல்லாம் நம்ம குடும்பம்."

ஆள்காட்டியின் தொண்டை திறந்துகொண்டது. "இருக்குங்க ஐயா! இது குட்டைங்க. மழை பெஞ்சா மலைத்தண்ணி மொத்தமும் இங்கதான் வந்து நிக்கும். அந்த மருத மரத்துல பழைய தண்ணிக்கோடு இருக்கு பாருங்க. நம்ம தலைவரோட கொம்பு உயரம் இருக்கும்."

எல்லோரும் மருத மரத்தைப் பார்த்தார்கள். கோடு இருந்தது. குரங்கு தலைவரின் முதுகில் ஏறி, கொம்பையும் கோட்டையும் ஒரு குச்சியால் அளந்து பார்த்தது.

"சரியா இருக்குங்க" என்றது.

"அருமை. இப்படித்தான் சொல்லணும். எழுதுங்க" என்றது கீரி.

அபாயம் என்ற கட்டத்தில் ஆமை 'வெள்ளம்' என்று எழுதியது. ஆமையின் கையெழுத்து அவ்வளவு அழகு. அடுத்த கட்டத்துக்கு வந்ததும் தலையை வெளியே நீட்டியது.

"பொறுப்பாளர்னு ஒரு கட்டம் இருக்குங்க. யார் பேரை எழுதறது?"

தலைவர் வானத்தைப் பார்த்தார். கீரி தன் வாலைப் பார்த்தது. குரங்கு டீ வாங்கப் போய்விட்டது.

"காலியா விடக் கூடாதாமே" என்றது ஆமை.

"முதல்ல சொன்னது யாரு?"

"ஆள்காட்டி அக்காங்க."

"அப்ப அந்தம்மா பேரையே எழுது. விஷயம் தெரிஞ்சவங்க" என்றது கீரி.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஒரு கட்டம் காலியாக இருந்தது; ஒரு பேர் கிடைத்தது. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை குரங்கு வந்து ஆள்காட்டியை ஆய்வுக் கூட்டத்துக்கு அழைத்துப் போனது.

"வெள்ளத்துக்கு நீங்கதான் பொறுப்பு. போன வாரம் என்ன நடவடிக்கை எடுத்தீங்க?" என்று கேட்டது கீரி.

"நான் என்னத்தைங்க எடுக்க? நான் ஒரு பறவைங்க."

'நடவடிக்கை: இல்லை' என்று ஆமை எழுதியது.

"ஏம்மா, அபாயம் அபாயம்னு அத்தனை பேர் முன்னால கத்தத் தெரியுதில்ல? அதைத் தடுக்கத் தெரியாதா?" என்றார் தலைவர்.

"ஐயா, சீக்கிரம் விட்டுடுங்க. வெயில் ஏறுது. முட்டை வெந்துடும்."

"முட்டை வெந்துடுமா?" கீரியின் மூக்கு லேசாக ஆடியது. கீரிக்கும் முட்டைக்கும் உள்ள பழக்கம் உங்களுக்குத் தெரியும். "அது தனி அபாயமாச்சே! எழுதுங்க ஆமை."

இரண்டாவது அபாயம், முட்டை வேகுதல். பொறுப்பாளர், ஆள்காட்டி.

பதறிக்கொண்டு கீழே பறந்தபோது குட்டைத் தண்ணீர் வெளியேறும் வாய்க்காலின் வாயை முள்ளும் சருகும் அடைத்திருப்பதைப் பார்த்துவிட்டது. தொண்டை கத்திவிட்டது. மூன்றாவது. சந்தைக்கு நட்ட மூங்கில் கால் ஒன்று சாய்ந்திருந்தது. நான்காவது. மாதம் முடிவதற்குள் பதினான்கு ஆகிவிட்டது. பதினைந்தோ என்று எனக்குச் சந்தேகம். பதினான்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பதினான்குக்கும் திங்கட்கிழமை தோறும் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாததற்கு மெமோ வரும். மெமோவுக்கு விளக்கம் எழுதப் புதன்கிழமை போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆள்காட்டி திரும்பி வரும்போது முட்டைகள் அடுப்பில் வைத்த கல் மாதிரி இருக்கும். ஒரு புதன்கிழமை மூன்று முட்டைகள்தான் தட்டின. நான்காவதின் மேல் நனைந்த வயிற்றை வைத்துக்கொண்டு, ஒரு பொழுது முழுக்கக் காதை எடுக்காமல் கிடந்தது. கடைசியில் லேசாக ஒரு தட்டல் கேட்டது.

அதன் பிறகு ஆள்காட்டி மனு எழுதியது. 'மலையில் மேகம் கறுக்கிறது. என்னுடைய நான்கு முட்டைகளையும் அலுவலகப் பாறைக்குத் தூக்கிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

கீரி மனுவை இரண்டு முறை படித்தது.

"பேரூராட்சி ஆளு பேரூராட்சிக்குச் சம்பந்தப்பட்டதைத்தான்மா தூக்க முடியும். தனியார் முட்டையைத் தூக்க விதியில இடமில்லை" என்றது. பிறகு குரலைத் தாழ்த்தி, "வேணும்னா நானே தனிப்பட்ட முறையில வந்து எடுத்துக்கறேன்" என்றது.

"வேண்டாங்க ஐயா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

இதற்குள் காட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. வாய் திறந்தால் பேர் ஏறும். வாய்க்கால் ஓரத்துத் தவளைக்கு மழை வருவது தோலிலேயே தெரியும். அன்று அதன் தோல் முழுக்கச் சில்லிட்டிருந்தது. கீரி அந்தப் பக்கம் வந்து, "என்னப்பா, எப்படி இருக்கு நிலவரம்?" என்று கேட்டது.

"பிரமாதமா இருக்குங்க. இந்த மாதிரி ஒரு இடம் கிடைக்காதுங்க" என்றது தவளை.

'புதிய அபாயங்கள்: இல்லை' என்று ஆமை எழுதியது. நிர்வாகம் சீரடைந்துவிட்டது என்று தலைவர் மகிழ்ந்தார்.

ஆனால் நான்கு பணியிடங்களுக்கு மட்டும் ஆள் வரவில்லை. மருத மரத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஒரே ஒரு முயல் வந்தது.

"என்ன வேலைங்க?" என்று கேட்டது முயல்.

"திட்டத்துல அபாயம் எதுனா தெரிஞ்சா சொல்லணும்" என்றது கீரி.

"சொன்னா?"

"ஆமை எழுதிக்கும்."

"என்னன்னு எழுதிக்கும்?"

ஆமை தலையை நீட்டி, "உங்க முழுப்பேரு என்னங்க?" என்று கேட்டது. அது கேட்டு முடிக்கும்போது நாற்காலியில் முயல் இல்லை.

யானை வருவதற்கு இரண்டு நாள்தான் இருந்தது. தலைவர் பாறையில் கொம்பைத் தேய்த்துக்கொண்டு புலம்பினார்.

"நாலே நாலு ஆளு! இந்தப் பெரிய காட்டுல நாலு ஆளு கிடைக்கலைன்னா வெளியில சொல்ல முடியுமா? அடுத்த காட்டுக்காரன் சிரிப்பான்."

அன்று புதன்கிழமை. ஆள்காட்டி விளக்கம் எழுத வந்திருந்தது. அது மெதுவாகக் கேட்டது. "எந்த மாதிரி ஆளு வேணுங்க தலைவரே?"

"வேலை நேரத்துல இடத்தை விட்டு அசையக் கூடாது. விடுப்பு கேக்கக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. மொத்தத்துல உன்னை மாதிரி இருக்கக் கூடாது. போதுமா?"

ஆள்காட்டி கீழே குட்டைப் பக்கம் எட்டிப் பார்த்தது.

"எங்க வீட்டுல நாலு பேர் சும்மாதாங்க இருக்காங்க" என்றது.

மறுநாள் குட்டையிலேயே நேர்முகத் தேர்வு நடந்தது. தலைவரும் கீரியும் ஆமையும் முட்டைகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பாத்தா கல்லு மாதிரி இருக்காங்களே" என்றார் தலைவர்.

"உறுதியானவங்கன்னு எழுதிக்கறேன்" என்றது ஆமை.

கீரி முட்டைகளுக்கு மிக அருகில் குனிந்து கேட்டது. "இந்தத் திட்டத்துல உங்களுக்கு ஏதாவது குறை தெரியுதா?"

முட்டைகள் பேசவில்லை.

"இந்த இடத்துக்கு வெள்ளம் வரும்னு சிலர் புரளி கிளப்பறாங்களே, அதைப் பத்தி என்ன நினைக்கறீங்க?"

பேசவில்லை.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எத்தனை வருஷமா இந்த மாதிரி ஆளுங்களைத் தேடிட்டிருக்கேன்! நாலு பேரையும் எடுத்துக்கோ."

ஆமை பேர் கேட்டது. பிறக்காதவர்களுக்குப் பேர் வைப்பது ஆள்காட்டிக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னது. முத்தழகி, வரிக்கண்ணி, வெயிலான், கல்லாண்டி. தட்டாமல் பயமுறுத்தியவன்தான் கல்லாண்டி.

"ஆமை அண்ணே, இனிமே இவங்க பேரூராட்சி ஆளுங்கதானே? ஆபீஸ் மேல இருக்கு. இவங்களுக்கோ நடக்க வராது."

"ஊழியரை வேலை செய்யற இடத்துல கொண்டு சேர்க்கறது நிர்வாகத்தோட கடமை" என்று ஆமை பக்கம் புரட்டிப் பார்த்துச் சொன்னது. "அப்புறம் நாலு ஊழியர் இருந்தா அவங்களுக்கு மேல ஒருத்தர் இருந்தே ஆகணும். அதுவும் விதிதான்."

"நான் இருக்கேன்" என்றது ஆள்காட்டி.

குரங்கு கூடை நிறையப் புல் போட்டு, நான்கு ஊழியர்களையும் பாறை மேல் கொண்டுபோய் வைத்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் நிலுவையில் உள்ள பொறுப்புகளை ஒப்படைப்பது வழக்கம். அதன்படி பதினான்கு அபாயங்களும் ஆள்காட்டியின் பேரிலிருந்து அவர்கள் பேருக்கு மாறின. வெள்ளம் கல்லாண்டிக்குப் போனது.

மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், கீரி கூடைப் பக்கம் வந்து நின்றது. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டது.

"நாலு பேர் எதுக்கு? மூணு பேர் போதாது?" என்றது.

ஆமை தலையை நிமிர்த்தாமல் சொன்னது. "பதிவேட்டுல ஏறிட்டாங்கய்யா. ஒருத்தர் குறைஞ்சாலும் எங்க போனாங்கன்னு நீங்கதான் விளக்கம் கொடுக்கணும்."

கீரி உதட்டைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை யானை வந்தது. பதிவேட்டைப் பார்த்தது. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. பிறகு கூடையைப் பார்த்தது.

"இவங்கதான் ஊழியர்களா? ஏன் எல்லாரும் உருண்டையா இருக்காங்க?"

"வேலைச் சுமைங்க" என்றது கீரி.

"என் ஆபீஸ்ல இவ்வளவு அமைதியா ஒருத்தர்கூட இல்லை" என்று சொல்லி, யானை அனுமதிக் கடிதத்தில் காலால் முத்திரை பதித்துவிட்டுப் போனது.

அடுத்த செவ்வாய்க்கிழமை குட்டைக்குள் சந்தை திறந்தார்கள். கிழங்கு, தேன், பூசணிக்காய் எல்லாம் வந்திறங்கின. தலைவர் மேடை ஏறினார். மேலே பாறையில், ஆள்காட்டி தன் ஊழியர்கள் மேல் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து மலை நன்றாகத் தெரியும். மலையின் மடிப்பில் ஒரு செந்நிறக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. கோடு அகலமாகிக்கொண்டே வந்தது.

தொண்டை தானாகத் திறந்து பாதிக் கத்தல் வெளியே வந்துவிட்டது.

பக்கத்தில் ஆமை பேனாவை எடுத்தது. "என்னக்கா, ஏதோ சொல்ல வந்தீங்களே?"

ஆள்காட்டி பேனாவைப் பார்த்தது. பேர் ஏறினால் உடனே விசாரணை. எழுந்து போக வேண்டும். அதன் வயிற்றுக்கு அடியில் நான்கு பேரும் ஒரே சமயத்தில் தட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றோ நாளையோ என்று இருந்தது. கூடையைத் தாண்டி, கீரியின் மேசை.

"ஒண்ணுமில்லண்ணே. தொண்டையில தூசி" என்றது.

அதற்கு உள்ளே வலிக்கத்தான் செய்தது. வலியோடு இன்னும் அழுத்தி உட்கார்ந்துகொண்டது.

வெள்ளம் வந்தது. பந்தல், பலகை, பூசணிக்காய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. உயிர்ச்சேதம் ஒன்றும் இல்லை. சந்தைக்கு வந்த அத்தனை பேருக்கும் விஷயம் முன்பே தெரியும். ஒரு காலைக் கரை மேட்டில் வைத்துக்கொண்டேதான் எல்லோரும் கிழங்கு வாங்கினார்கள். தலைவர் மட்டும் மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர் அவருடைய கொம்பு வரைக்கும் ஏறி நின்றது. மருத மரத்தில் தொங்கிய குரங்கு கோட்டைப் பார்த்து, "சரியா இருக்குங்க" என்றது.

தலைவரைக் கயிறு கட்டிக் கரையேற்றினார்கள். அவர் எதிரில் மிதந்துகொண்டிருந்த தவளையைப் பிடித்துக் கேட்டார். "உனக்குத் தெரியும்தானேடா? ஏன் சொல்லலை?"

"சொன்னா எழுதிடுவீங்களேங்க" என்றது தவளை.

யானை விசாரணைக்கு வந்தது. வெள்ளம் என்ற அபாயம் முறையாகப் பதிவாகியிருந்ததால் நிர்வாகத்தின் மேல் குற்றம் இல்லை என்று எழுதியது. பொறுப்பாளர் யார் என்று பார்த்தது. கல்லாண்டி என்று இருந்தது. விளக்கம் கேட்டுக் கல்லாண்டிக்கு மெமோ போனது. பதில் வரவில்லை. நினைவூட்டல் போனது. பதில் வரவில்லை. மூன்றாவது கடிதத்தைக் குரங்கு கொண்டுபோனபோது கூடையில் நான்கு ஓடுகள்தான் கிடந்தன. உடைந்த ஓடுகள். உள்ளே யாரும் இல்லை.

ஆள்காட்டிக் குஞ்சுகளுக்குப் பிறந்த அன்றே ஓடத் தெரியும். விடியற்காலையில் நால்வரும் வெளியே வந்து, தாய்க்குப் பின்னால் வரிசையாக ஓடி, மேட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஓடுகள் நான்கும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டன. இப்போதும் ஆமையின் மேசையில்தான் இருக்கின்றன. விசாரணை முடியாததால் தூக்கிப் போட முடியாது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் வேறொரு காடு. அங்கே வேறொரு குளம். கரையோரம் நல்ல கூழாங்கல் தரை. எல்லோருக்கும் பின்னால் ஓடி வந்த கல்லாண்டி நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொண்டையைத் திறந்தான்.

"அம்மா! இந்தக் கரையில பெரிய விரிசல்!"

ஆள்காட்டி அவனை இறக்கைக்குள் இழுத்து வாயைப் பொத்தியது. சுற்றிலும் யாராவது எழுதிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்தது.

"எனக்கும் தெரியுதுடா கண்ணு. கத்தாதே. நட" என்றது. ஐந்து பேரும் விரிசலைச் சுற்றிக்கொண்டு, இன்னும் மேடான இடமாகப் பார்த்துப் போனார்கள். வழியில் ஒரு கொக்கு, "இந்தக் குளம் எப்படிங்க?" என்று கேட்டது. "ரொம்ப நல்ல குளங்க" என்று சொல்லிவிட்டு ஆள்காட்டி வேகமாக நடந்தது.

கதை இவ்வளவுதான். ஏதாவது தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் வேலை செய்யும் இடத்தில் பதிவேட்டு அறைக் கூரையிலும் ஒரு விரிசல் இருக்கிறது. நேராக என் ஸ்டூலுக்கு மேலே. போன மாதம் அதில் விரல் நுழைந்தது. இப்போது கை நுழைகிறது. நான் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேனோ? ஸ்டூலை வாசல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். பெயர் எழுத வேண்டிய இடத்தில் கல்லாண்டி என்று எழுதிவிட்டேன். முகவரி, பாறை மேல் அலுவலகம். அவன் ஏற்கெனவே பணியிடை நீக்கத்தில் இருப்பவன். அவனை அதற்கு மேல் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

நீதி: ஆபத்தைக் கண்டால் கத்துவதற்கு முன், பேனா யார் கையில் இருக்கிறது என்று பார்க்கவும்.